மானுக்குத் தொட்டி வாங்க வருபவர்களுக்கு

இலங்கையின் வன்னியில், மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் திரும்பிக் கொஞ்சத் தூரம் வந்தால், கிணற்று வளையங்களும் மாட்டுத் தொட்டிகளும் வேலித் தூண்களும் அடுக்கிய கொட்டில் ஒன்று தெரியும். சீமெந்து வார்ப்பதும் இரும்பு ஒட்டுவதும் என் தொழில். மாட்டுத் தொட்டி வாங்க வருபவர்களோடு எனக்கு அதிகம் பேச்சில்லை. நீளம், அகலம், விலை, முடிந்தது. மானுக்குத் தொட்டி கேட்டு வருபவர்களுக்குத்தான் ஒரு தேநீர் கொடுத்து உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கிறது. அப்படி வருபவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து காட்டோரக் காணியைத் திருத்தி வீடு கட்டியவர்கள், விடுதி நடத்துபவர்கள், ஓய்வூதியத்தோடு தோட்டத்துக்குத் திரும்பிய ஆசிரியர்கள். எல்லோருடைய கைபேசியிலும் மானுக்குத் தீனி வைக்கும் ஏதாவது ஒரு சாமானின் படம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்பது, எதற்காக என்று. கோடையில் மான்கள் தண்ணீருக்கு அலைவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்பார்கள் சிலர். விருந்தினர் படம் எடுக்க வேண்டும் என்பார்கள் சிலர். லீவில் வரும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பவர்களும் உண்டு. இன்னொரு காரணத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. மான் இரவில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இடியன் என்ற நாட்டுத் துவக்கோடு வேட்டைக்கு வருபவனுக்குப் பாதி வேலை முடிந்தது. அந்த வாடை அடித்தால் என் கொட்டிலில் சீமெந்து தீர்ந்துபோயிருக்கும். புள்ளிமானோ மரையோ சருகுமானோ, கொல்வதும் பிடிப்பதும் இறைச்சியை வைத்திருப்பதும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். குட்டியைத் தூக்கிவந்து வீட்டில் கட்டி வளர்ப்பதும் அதற்குள் அடங்கும். தாய் மேயப்போகும்போது குட்டியைப் பற்றைக்குள் படுக்கவைத்துவிட்டுத்தான் போகும். தனியாகக் கிடக்கும் குட்டி அநாதையாகிவிட்டது என்று நினைத்துக் கையை வைக்காதீர்கள்.

அடுத்தது, உங்கள் காணிப் பக்கம் மான் இருக்கிறதா? குளம்படி, புழுக்கை, ஆளின் இடுப்பளவு உயரம் வரை நுனி கடிக்கப்பட்ட செடிகள், இவற்றில் ஒன்றுமே இல்லாத இடத்துக்கு எந்தத் தொட்டியும் மானைக் கூப்பிட்டுக் கொண்டுவராது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, மடுப் பக்கத்துக் காட்டோரங்களில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் தேவையிராது. ஏ9 வீதியை ஒட்டிய கடைத்தெருவுக்குப் பின்னால் காணி வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசிப் படங்கள்

இனிப் படத்துக்கு வருவோம். பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்த படமாக இருக்கும். அங்கே இது பெரிய வியாபாரம். கொம்பு பெருத்த ஆண் மானைத் தங்கள் காணிக்கு இழுத்துப் பருவம் வந்ததும் அனுமதியோடு சுடுகிறார்கள். அதற்காகச் செய்த சாமான்கள் அவை. ஒவ்வொன்றும் அந்த ஊருக்குச் சரியாக இருக்கலாம். இங்கே என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு வகை, மூன்று கால் தாங்கியின் மேல் பீப்பாய். அடியில் மின்கலத்தில் ஓடும் சிறிய மோட்டார், அதோடு நேரத்தைக் குறித்துவைக்கும் கருவி. விடியலிலும் அந்தியிலும் சில விநாடிகள் தட்டு சுழன்று சோளத்தைச் சுற்றிவர இறைக்கும். கனடாவிலிருந்து வந்த ஒருவர் இதைத்தான் கேட்டார். யானை வரும் என்றேன். "அண்ணை, உயரமாகச் செய்தால் எட்டாதுதானே" என்றார். யானைக்கு எட்டாத உயரம் எது என்று கேட்டுவிட்டு, அவர் கேட்ட இரண்டரை அங்குலக் குழாயில் ஒட்டிக் கொடுத்தேன். சிறுபோக அறுவடை முடிந்து யானைகள் வயல்பக்கம் திரியத் தொடங்கிய நாட்களில் ஒன்று வந்து பீப்பாயைக் கவிழ்த்துச் சோளத்தைத் தின்றுவிட்டுப் போனது. மூன்று காலும் மூன்று திசையில் வளைந்து கிடந்தனவாம். மோட்டாரையும் மின்கலத்தையும் அதற்கு முன்பே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சிய குழாயை என்னிடமே கொண்டுவந்து படலை செய்வித்தார். படலை நன்றாக வந்தது.

வீட்டில் அடுக்கிய நெல்லுக்கும் உப்புக்கும் யானை சுவரை இடிக்கும் என்பது வன்னியில் குழந்தைக்கும் தெரியும். அப்படியிருக்க, ஒரு பீப்பாய்த் தானியத்தை வெளியில் தூக்கி நிறுத்துவது அதற்கு அழைப்பு அனுப்புவதற்குச் சமம்.

இன்னொரு வகை, மரத்தில் கட்டிய பீவீசீ குழாய். மேலே தானியத்தைக் கொட்டினால், கீழ் வளைவில் தின்னத் தின்ன இறங்கும். செய்வதற்கு மலிவு, பார்ப்பதற்கும் அழகு. இதில் இரண்டு குற்றம். மழைத் தூறலும் இரவுப் பனியும் உள்ளே இறங்கி அடியிலுள்ள தானியம் பூசணம் பிடிக்கும். சோளத்திலும் கச்சானிலும் வளரும் அந்தப் பூசணத்தில் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு ஊறும். அது ஈரலைக் கெடுக்கும். மற்றக் குற்றம், தானியம் இருபத்துநான்கு மணிநேரமும் கிடைப்பதுதான். அதன் கேட்டைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, திறந்த தீனித் தொட்டி. முதலில் மயில் வரும். அதன்பின் குரங்கு. அந்தி சாய்ந்தால் பன்றி. மான் மிகவும் எச்சரிக்கையான பிராணி, கூட்டம் கலைந்தபின் கடைசியில்தான் எட்டிப்பார்க்கும். அதற்குள் தொட்டி நக்கித் துடைக்கப்பட்டிருக்கும். டெக்ஸாஸ் மாநிலத்தில் இதே பன்றித் தொல்லைக்கு, தீனிக் கருவியைச் சுற்றி மூன்று அடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் தடித்த கம்பி அடைப்புப் போடுகிறார்கள். மான் தாண்டும், பன்றி தாண்டாது. நல்ல யோசனைதான். ஆனால் அந்த அடைப்பு யானையை மறிக்காது, அதற்குச் செலவழிக்கும் இரும்பின் விலையில் நான்கு தண்ணீர்த் தொட்டி வார்க்கலாம்.

வைக்கோல் செருகிவைக்கும் இரும்புச் சட்டமும் கேட்பார்கள். ஆட்டுக்கு அது சரி. கிளைக்கொம்புள்ள ஆண் மானின் தலை கம்பிகளுக்கிடையில் சிக்கினால் அது கழுத்தை முறித்துக்கொள்ளும் வரை இழுக்கும். நான் செய்வதில்லை.

தானியம் ஏன் வேண்டாம்

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப முடியாமல் பார்ப்பார்கள். மாடு வளர்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அறுவடை நேரத்தில் அவிழ்ந்த மாடு நெல் மூட்டையில் வாய் வைத்து வயிறு முட்டத் தின்றுவிட்டால், அடுத்த நாள் அதன் நிலை என்ன என்று அவர்களிடம் கேளுங்கள்.

மானும் அசைபோடும் விலங்கு. வயிறு நான்கு அறை. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லையும் இலையையும் புளிக்கவைத்துச் செரிக்கக் கொடுக்கின்றன. அவை அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும் தீனிக்குப் பழகியவை. வறட்சியில் காய்ந்த புல்லும் சருகும் கடித்துக்கொண்டிருந்த மானின் வயிற்றில் திடீரென்று ஒரு சிரட்டை இரண்டு சிரட்டை சோளமோ அரிசியோ விழுந்தால், மாச்சத்தைப் பிடித்து வளரும் கிருமிகள் மளமளவென்று பெருகி அமிலத்தைச் சுரக்கும். அந்த அமிலத்தில் மற்ற நுண்ணுயிர்கள் மடியும், வயிற்றுச் சுவர் வெந்துபோகும், ஓரிரு நாளில் மான் விழும். வயிற்றை வெட்டிப் பார்த்தால் நிறையத் தீனி இருக்கும். பாணும் பிஸ்கட்டும் சோறும் இதே வேலையைத்தான் செய்யும். முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கிக் குரங்குக்கு எறிந்த கையோடு, காட்டோரத்தில் நிற்கும் மானுக்கும் பாண் துண்டை எறிகிறவர்களைப் பார்க்கிறேன்.

அதைச் சுற்றிவரும் பொலித்தீன் இன்னும் மோசம். திருகோணமலைக் கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் நிற்கும் புள்ளிமான்கள் ஆளுக்குப் பயப்படுவதில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் எதையாவது நீட்டுகிறார்கள். அந்த மான்கள் உணவு மணக்கும் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிச் சாகின்றன. கையிலிருந்து வாங்கித் தின்னப் பழகிய மானுக்கு நடக்கும் இந்தக் கதையை ஊரே பார்க்கிறது. வன்னியில் ஆளுக்குப் பயப்படாத மான் திருகோணமலையைப்போல அத்தனை காலம் உயிரோடு இராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோயும் இருக்கிறது. வட அமெரிக்காவில் மான்களை உருக்கிக் கொல்லும் ஒரு மூளை நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. உமிழ்நீரிலும் சிறுநீரிலும் பரவும் அந்த நோய்க்குப் பயந்து, ஒரே தொட்டியில் மான்கள் மூக்கை நுழைப்பதைத் தடுக்க அங்கே பல மாநிலங்கள் தீனி வைப்பதையே கட்டுப்படுத்தியிருக்கின்றன. அந்த நோய் நம் பிரச்சினை இல்லை. கால்–வாய் நோய் நம் பிரச்சினை. மாட்டுக்கு வந்தால் மானுக்கும் வரும், மானிலிருந்து மாட்டுக்கும் திரும்பும். ஆகவே மாடு குடிக்கும் தொட்டியும் மான் குடிக்கும் தொட்டியும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஊரில் அந்த நோய் பரவுகிறது என்று கால்நடை வைத்திய அலுவலகம் சொன்னால், மான் தொட்டியைக் காயவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள்.

தண்ணீர்த் தொட்டி

இத்தனையும் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு எழுந்து போகாதவர்களுக்கு நான் காட்டுவது தண்ணீர்த் தொட்டியைத்தான். காரணம் எளிது. வன்னிக் காட்டில் தீனிக்குப் பஞ்சம் வருவதைவிடத் தண்ணீருக்குப் பஞ்சம் வருவது கடுமை. மார்கழி, தை வரை பெய்த மழை நின்று, வைகாசியிலிருந்து சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் சின்னக் குளங்கள் ஒவ்வொன்றாக வெடித்துப்போகும். ஆவணி, புரட்டாசியில் காட்டுக்குள் எஞ்சியிருப்பது சேறு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களுக்கு மான் போக வேண்டுமானால் வீதியையும் வயலையும் நாய்க் கூட்டத்தையும் தாண்ட வேண்டும். உங்கள் காணியின் காட்டோர மூலையில் ஒரு தொட்டித் தண்ணீர் இருந்தால் அந்தப் பயணம் மிச்சம். தண்ணீர் வயிற்றைக் கெடுக்காது, பூசணம் பிடிக்காது. யானை வந்தாலும் குடித்துவிட்டுப் போகும், உடைப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

எதனால் செய்தது என்று பாருங்கள். தகரத் தொட்டி வெயிலில் கொதிக்கும், விளிம்பு நாக்கைக் கிழிக்கும், பழைய இரும்பு வாங்குபவரின் லொறியில் ஏறிவிடும். அலுமினியத்துக்கும் அதே விதி. நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை நெடுக்காக வெட்டிப் பாதியை வைப்பது மலிவான வழி. உணவெண்ணெய் வந்த பீப்பாய் என்றால் மட்டும் வாங்குங்கள். களைநாசினி, கிருமிநாசினி வந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். விற்பவர் சவர்க்காரத் தண்ணீர் வந்தது என்று சத்தியம் செய்வார். மூக்கை வைத்துப் பாருங்கள், சந்தேகம் வந்தால் திரும்பிவிடுங்கள். பழைய லொறி டயரைப் பிளந்து செய்த தொட்டியில் உள் கம்பி கிளம்பி நிற்கும். வாளி வைப்பவர்கள் கைப்பிடியைக் கழற்றிவிட்டு வையுங்கள். வாளிப் பிடி கொம்பில் மாட்டினால் அந்த மானை யாராலும் பிடித்துக் கழற்ற முடியாது. கயிறு, வலை, முள்ளுக்கம்பி எதுவும் தொட்டியின் பக்கத்தில் கிடக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

சீமெந்துத் தொட்டியே நல்லது. நான் விற்கிறேன் என்பதற்காகச் சொல்வதாக நினைப்பவர்கள் தாங்களே வார்த்துக்கொள்ளலாம், செய்முறையை ஒளிப்பதில்லை. காணியில் ஒரு மண் மேட்டை வேண்டிய வடிவில் இறுக்கித் தட்டி, மேலே பொலித்தீன் விரித்து, கோழிக்கூட்டு வலையை இரண்டு மடிப்பாகப் போட்டு, ஒன்றுக்கு மூன்று சீமெந்து மணல் கலவையை ஒன்றரை அங்குலத் தடிப்பில் பூசுங்கள். ஆற்று மணல் வேண்டும். கடற்கரை மணலில் உள்ள உப்பு வலையைத் துருப்பிடிக்கவைத்து உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். ஈரச் சாக்குப் போட்டு ஒரு கிழமையாவது நனைத்து வைத்திருங்கள். புதுச் சீமெந்தில் ஊறும் தண்ணீர் காரமாக இருக்கும். நிரப்புவதும் இறைப்பதுமாகச் சில தடவை செய்த பிறகே மிருகத்துக்கு வையுங்கள். உட்புறத்துக்குப் பெயின்ற் அடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். நீலம் அழகாக இருக்குமாம். வேண்டாம்.

வடிவம்தான் முக்கியம், பெரும்பாலானவர்கள் பிழைவிடும் இடமும் அதுவே. மாட்டுத் தொட்டிபோல இரண்டு அடி உயரச் சுவர் கட்டினால் புள்ளிமான் குடிக்கும், ஏனென்றால் அதன் தோள் கிட்டத்தட்ட மூன்று அடி. மரை அதைவிட உயரம். ஒரு அடி உயரமுள்ள சருகுமான் என்ன செய்யும்? முயல், கீரி, உடும்பு, கௌதாரி, எல்லாம் கோடையில் வரும். உயரச் சுவருக்குள் விழுந்த அணில் வெளியே ஏற முடியாமல் மிதக்கும், அந்தத் தண்ணீரை அப்புறம் எதுவும் தொடாது. எனவே தொட்டியை நிலத்தோடு பதியுங்கள். நான் வார்ப்பது நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம். ஒரு முனையில் ஆழம் எட்டு அங்குலம், அங்கிருந்து சரிந்து வந்து மறுமுனையில் நிலத்தோடு நிலமாக முடியும். நிரப்பினால் 75 லீற்றர் அளவில் பிடிக்கும். ஆழமான முனையின் விளிம்பு மட்டும் நிலத்துக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மண் கரைந்து உள்ளே வரும். சரிவான பக்கத்தை வழுவழுப்பாகத் தேய்க்காமல், ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் கீறிவிடுங்கள். குளம்பு வழுக்காது.

இப்படிப் பதித்த தொட்டிக்கு ஒரு தொல்லை உண்டு. பன்றி வந்து உள்ளே படுத்து உருளும். தண்ணீர் சேறாகும். இதற்கு வழி, தலை அளவுள்ள உருண்டைக் கற்கள் நான்கைந்தை ஆழமான பக்கத்தில் போட்டுவிடுவதுதான். பன்றிக்குப் படுக்க வசதிப்படாது, தேனீயும் குருவியும் கல்லில் இருந்து குடிக்கும், விழுந்த பிராணி ஏறிக்கொள்ளும். கட்டாக்காலி மாடுகள் மற்றத் தொல்லை. ஒரு மாடு ஒரு நாளில் முப்பது, நாற்பது லீற்றரைச் சாதாரணமாகக் குடித்துவிடும், இரண்டு மாடு வந்தால் மானுக்கு ஒன்றுமில்லை. வேலி போட்ட காணியானால் காட்டுப் பக்கம் ஒரு ஆறடி இடைவெளி விட்டு, குறுக்கே மூன்று அடி உயரத்தில் ஒரு தடியைக் கட்டுங்கள். புள்ளிமான் வேலியைத் தாண்டுவதைவிடக் குனிந்து நுழைவதையே விரும்பும். வளர்ந்த மாடு நின்றுவிடும். கன்று நுழையும், அதை நான் தடுக்க வழி காணவில்லை.

எங்கே வைப்பது

உங்கள் சொந்தக் காணிக்குள். காட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் ஏற்றுவதில்லை. காடு வன இலாகாவினது, மடுவீதி, சுண்டிக்குளம் பக்கமென்றால் 2015இல் பிரகடனம் செய்த தேசியப் பூங்காக்கள், அவற்றுக்குள் விலங்குக்குத் தீனி வைப்பதே தடை. அதோடு மிதிவெடி என்று எச்சரிக்கும் மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடங்கள் வன்னியில் இன்னும் தீர்ந்துவிடவில்லை. பாதையை விட்டு இறங்கித் தொட்டிக்கு இடம் தேடும் வேலை வேண்டாம்.

காணிக்குள் எங்கே என்றால், பற்றை ஓரத்திலிருந்து பதினைந்து இருபது பாகம் (ஒரு பாகம் ஆறடி) வெளியே, சுற்றிவரத் திறந்த நிலத்தில். குனிந்து குடிக்கும்போது மானுக்குக் கண் தெரிய வேண்டும். சிறுத்தை பதுங்க இடமுள்ள பற்றைக்குப் பக்கத்தில் வைத்தால், நீங்கள் சிறுத்தைக்குத் தொட்டி வைத்ததாக முடியும். மான் கூடும் இடத்துக்குச் சிறுத்தை வருவது இயல்பு. ஆட்டுக் கொட்டில் அருகில் உள்ளவர்கள் இதையும் நினையுங்கள். தோட்டத்தைத் தாண்டித் தொட்டிக்கு வரும்படி வைக்காதீர்கள், போகிற வழியில் பயறும் கௌபியும் நுனி இல்லாமல் போகும். வீதிக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் உங்கள் காணி என்றால் தொட்டியே வேண்டாம். இரவில் பாயும் பஸ்ஸுக்கு முன்னால் மானைக் கூப்பிடுவதாகும் அது. உங்கள் வீட்டு நாய் கட்டப்படாத நாய் என்றாலும் அதே பதில். காட்டோரத்தில் மானுக்கு நாயைவிடப் பெரிய எதிரி இப்போது குறைவு.

வெயில் நேரே விழும் இடத்தில் பாசி பிடிக்கும். சோளகமும் வெயிலும் சேர்ந்து நாளுக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் உயரத் தண்ணீரைக் குடித்துவிடும், என் அளவுத் தொட்டியில் அது நான்கு, ஐந்து லீற்றர். மத்தியானத்துக்குப் பிறகு நிழல் விழும் இடம் பாருங்கள். மரத்துக்கு நேர் கீழே வைத்தால் சருகும் குரங்கு எச்சமும் விழும்.

உப்பு, இலை, பழம்

உப்புக் கட்டி வைக்கலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். மானுக்கு உப்பு பிடிக்கும் என்பது உண்மை, மண்ணில் உப்புக் கசியும் இடத்தை நக்கக் காட்டில் தானே தேடிப் போகும். ஆனால் உப்புப் போட்டுப் பரண் கட்டிக் காத்திருப்பது பழைய வேட்டை முறை. நீங்கள் வைத்த உப்பில் இன்னொருவன் கம்பித் தடம், அதாவது சுருக்குக் கண்ணி, போடுவான். கடையில் மாட்டுக்கு விற்கும் கட்டிகளில் சிலவற்றில் யூரியா கலந்திருக்கும். மழையில் கரைந்த யூரியாத் தண்ணீரைக் குடித்த மிருகம் நுரை தள்ளிச் சாகும். உப்பை விட்டுவிடுங்கள்.

தின்ன ஏதாவது கொடுத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் தொட்டியைக் கடையில் வாங்க முடியாது. நாவல், விளா, புளி, இலந்தை, பாலை. காணியின் காட்டோர வரிசையில் இவற்றை நட்டுவிடுங்கள். பாலை வளரக் காலம் எடுக்கும், உங்களுக்குக் கிடைக்காது, பேரப்பிள்ளைக்குக் கிடைக்கும். நாவலும் இலந்தையும் அவ்வளவு காக்கவைக்காது. மந்திக் கூட்டம் மரத்தில் ஏறினால் கடித்ததில் பாதியைக் கீழே போடும். இலையும் பழமும் கொட்டும் இடத்தில் புள்ளிமான் வந்து நிற்பது வன்னியில் பார்த்துப் பழகிய காட்சி. சிறுத்தையைக் கண்டால் மந்தி மேலிருந்து கத்தும், கீழே நிற்பவை ஓடும். தீனியும் காவலும் ஒரே மரத்தில். இந்த ஏற்பாட்டை எந்த இரும்பாலும் நான் ஒட்டித் தர முடியாது.

மரம் வளரும் வரை, வேலியில் கத்தரித்த இப்பில் இப்பில், பலா, முருங்கைக் கொப்புகளை ஒரே குவியலாகப் போடாமல் தள்ளித் தள்ளி நிலத்தில் போடலாம். தினமும் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போட்டால், மானோடு சேர்த்து மானைத் தேடுபவனுக்கும் நேரம் தெரிந்துவிடும்.

படம் எடுத்தால் முகநூலில் போடும்போது ஊர் பெயரைப் போடாதீர்கள். விடுதிக்காரருக்கு இது பிடிக்காது. தொட்டியைச் சுற்றி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். கம்பித் தடம், இழுபட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு, பன்றிக்கென்று பழத்துக்குள் மறைத்த வெடி, எதைக் கண்டாலும் கைவைக்காமல் விலகி, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அப்படி ஒன்றைக் கண்ட இடத்தில் அந்தக் கோடைக்குத் தொட்டியைக் காயப்போட்டுவிடுங்கள்.

கழுவுவதும் மூடுவதும்

நுளம்பு முட்டை பொரித்துப் பறக்க ஒரு கிழமை அளவில் போதும். நான்கு நாளுக்கு ஒருமுறை மிச்சத் தண்ணீரை இறைத்து, தும்புத்தடியால் தேய்த்து, புதிதாக நிரப்புங்கள். சவர்க்காரம் வேண்டாம், வேண்டுமானால் ஒரு பிடி மணல் போட்டுத் தேய்க்கலாம். தவறினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்டம் எழுதுவார், மானுக்கு வைத்தது என்று சொன்னால் அவர் கேட்க மாட்டார். தொடங்கினால் மழை வரும் வரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஆடி முழுக்க ஊற்றி மானைப் பழக்கிவிட்டு, ஆவணியில் கொழும்புக்குப் போய்விடுபவர்கள் முதலிலேயே தொடங்காமல் இருப்பது மேல். ஐப்பசியில் மழை விழுந்து காட்டுக்குள் பள்ளங்கள் நிறைந்தால் மான் தானாகவே வரவை நிறுத்தும். அப்போது தொட்டியை இறைத்துக் கற்களை வெளியே எடுத்து, மாரி முழுவதும் மேலே ஒரு தகரத்தைப் போட்டுப் பாரம் வைத்துவிடுங்கள்.

தொட்டி நூறு கிலோவுக்குக் குறையாது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றலாம், இறக்க நான்கு பேர் வேண்டும். குழியை முதல் நாளே வெட்டி, அடியில் மூன்று அங்குலம் மணல் போட்டு நனைத்து வையுங்கள். மேடுபள்ளமான தரையில் இறக்கினால் முதல் யானை மிதித்ததும் நடுவில் வெடிக்கும். வரும்போது படலையின் அகலத்தையும் கிணற்றிலிருந்து அந்த மூலைக்கு உள்ள தூரத்தையும் அளந்துகொண்டு வாருங்கள். தண்ணீர்க் குழாய் அவ்வளவு தூரம் எட்டாது என்றால், வாளியில் சுமக்கப்போவது யார் என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.